அப்பாவுக்குப் பின்னால் 13 கிலோமீட்டர்!

தமிழ் சினிமாவில் ஒரு சின்னப் பையன் பெரியவன் ஆவதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும், தெரியுமோ? அரை நிமிஷம். பையன் ஓடுவான். ரயில் சக்கரம் சுழலும். கேமரா காலுக்கு இறங்கி மறுபடி மேலே ஏறினால்... மீசை! ஹீரோ ரெடி!

நடுவில் போன 15 வருஷத்தில் அந்தப் பையன் என்ன சாப்பிட்டான், யார் ஃபீஸ் கட்டினார்கள், அப்பாவும் அம்மாவும் அடித்துக்கொண்ட ராத்திரிகளில் எந்தப் போர்வைக்குள் காதைப் பொத்திக்கொண்டு படுத்தான் என்பதற்கெல்லாம் கணக்கே கிடையாது. நான் பி.காம். 15 வருஷக் கணக்கை மொத்தமாக முழுங்கிவிட்டு பாலன்ஸ் ஷீட் டாலி ஆகிறது என்று ஒருத்தர் நீட்டினால் எந்த ஆடிட்டராவது கையெழுத்துப் போடுவாரா? நம்ம ரசிகப் பெருமக்கள் போட்டிருக்கிறோம். விசில் அடித்தே போட்டிருக்கிறோம்!

காணாமல் போன அந்தக் கணக்கை எழுதிப் பார்த்த படங்கள் கொஞ்சம்தான். பாலுமகேந்திரா 1979-ல் ‘அழியாத கோலங்கள்’ எடுத்தார். மூன்று பையன்கள், ஊருக்கு வந்த டீச்சராக ஷோபா, மீசை முளைக்கும் பருவத்துக் குறுகுறுப்பு. அதில் வீடு பெரிய பிரச்னை இல்லை, வயசுதான் பிரச்னை. 2002-ல் வந்த ‘துள்ளுவதோ இளமை’யில் வீடுதான் பிரச்னை. ஒரே வகுப்பில் படிக்கும் ஆறு பேர் வீட்டுத் தொல்லை தாங்காமல் ஓடிப்போகிறார்கள். அப்போது தியேட்டருக்குப் போனவர்களில் பாதிப் பேர் அதை எதற்காகப் பார்த்தார்கள் என்பது ஊரறிந்த ரகசியம். (உங்களைச் சொல்லவில்லை சார், நீங்கள் கதைக்காகத்தான் போனீர்கள்!) ஆனால் உள்ளே இருந்த விஷயம் சீரியஸானது. அந்த ஆறு பேரும் வீட்டில் இருக்க முடியாமல்தான் வெளியே வந்தார்கள்.

பாண்டிராஜின் ‘பசங்க’ 2009. புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகள். அப்பா அம்மா சண்டையைப் பிள்ளைகள் நடுக்கூடத்தில் உட்கார்ந்து பார்க்கிற காட்சியில் நம்மில் பல பேர் செருப்பைத் தேடியிருப்போம், எழுந்து போய்விடலாமா என்று! 2015-ல் திரைக்கு வந்த மணிகண்டனின் ‘காக்கா முட்டை’யில் அப்பா ஜெயிலில். பிள்ளைகளுக்கோ பீட்சாவின் மேல் ஆசை.

இந்த வரிசையில் கடைசியாக வந்து, எல்லோரையும் தாண்டிப் போய் நிற்கிற படம் ‘கூழாங்கல்’. பி.எஸ்.வினோத்ராஜின் முதல் படம். 2021 பிப்ரவரியில் ஹாலந்து நாட்டு ராட்டர்டாம் திரைப்பட விழாவில் ‘டைகர்’ விருது வாங்கியது. அந்த விருதை வாங்கிய முதல் தமிழ்ப் படம். பரிசுத் தொகை 40,000 யூரோ. அப்போதைய ரேட்டுக்கு நம்ம காசில் சுமார் 35 லட்சம். (கணக்குப் பிள்ளை புத்தி... பரிசு என்றதும் முதலில் தொகையைத்தான் பார்ப்பேன்.) அதே வருஷம் இந்தியாவின் சார்பில் ஆஸ்கருக்கும் இதைத்தான் அனுப்பினார்கள். அங்கே கடைசிப் பட்டியலுக்குள் போகவில்லை. போகட்டும்.

கதையைச் சொல்லிவிடுகிறேன். சொன்னாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. ஏனென்றால் ஒரு போஸ்ட் கார்டில் எழுதிவிடலாம். மேலூர்ப் பக்கத்து வறண்ட ஊர். குடிகார அப்பா கணபதி. அடி தாங்காத அம்மா பொறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். அவளைக் கூட்டி வர அப்பா கிளம்புகிறான். நேராகப் பள்ளிக்கூடம் போய் வகுப்பில் இருக்கிற மகன் வேலுவை இழுத்துக்கொண்டு பஸ் ஏறுகிறான். மாமியார் வீட்டில் கைகலப்பு. அங்கே போனால் அம்மா ஏற்கெனவே கிளம்பிவிட்டாள் என்று தெரிகிறது. திரும்புகிற பஸ்ஸுக்கு வைத்திருந்த பணத்தைப் பையன் கிழித்துப் போட்டுவிடுகிறான். அவ்வளவுதான். கொளுத்துகிற வெயிலில் 13 கிலோமீட்டர். முன்னால் அப்பன், பின்னால் பிள்ளை. படம் மொத்தமே ஒன்றேகால் மணி நேரம். பாட்டு கிடையாது, ஃபைட் கிடையாது, காமெடி டிராக் கிடையாது. இசை யுவன் ஷங்கர் ராஜா, ஆனால் இசை எங்கே வருகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு தேட வேண்டும். ‘துள்ளுவதோ இளமை’க்கும் அவர்தான் இசை என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஒரு மனுஷனுக்குள் எத்தனை ஸ்பீக்கர், எத்தனை மௌனம்!

இந்தப் படத்தில் நிஜ வில்லன் அப்பன் இல்லை, வெயில் என்று எனக்குத் தோன்றும். அதைச் சொல்ல செஞ்சிக்காரனுக்கு முழுத் தகுதி உண்டு. மூன்று பக்கமும் பாறை மலை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று பெயர் அழகாகத்தான் இருக்கிறது. சித்திரை வைகாசியில் வந்து பாருங்கள். பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரி பத்து மணிக்கு மேல் நம்ம மேல் துப்பும். மதியம் ஒரு மணிக்குக் கோட்டை வாசலில் டூரிஸ்ட்காரர்கள் ‘வ்யூ’ பார்ப்பார்கள். நாங்கள் நிழல் பார்ப்போம்.

சரி, நல்ல படம் என்று நான் மட்டும் சொன்னால் எப்படி? ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் நாலு பேரை வீட்டுக்குக் கூப்பிட்டேன். ஒருத்தர் பாங்க் கிளார்க். ஒருத்தர் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். மூன்றாமவர் சர்க்கார் ஆபீஸில் ஜூனியர் அசிஸ்டென்ட். நாலாமவர் நெல் மண்டியில் கணக்கு எழுதுகிறவர். பெயரெல்லாம் வேண்டாம், நாளைக்கு நான் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டீ குடிக்கப் போக வேண்டும்.

படம் ஆரம்பித்து 20 நிமிஷம் ஆகியிருக்கும். “இன்னாபா இது, நடந்துக்கினே இருக்கறாங்க? வூடு எப்ப வரும்?” என்றார் இன்ஷூரன்ஸ்.

“வந்தா படம் முடிஞ்சிடும்டா.”

“அப்ப சீக்கிரம் வரச் சொல்லு!”

ஜூனியர் அசிஸ்டென்ட் ஒரு வார்த்தை பேசாமல் போனை எடுத்து நோண்ட ஆரம்பித்தார். ஆபீஸ் பழக்கம். பாங்க் கிளார்க், “எலி சுடறாங்கப்பா” என்று முகத்தைச் சுளித்தார். வழியில் ஒரு குடும்பம் புகை போட்டு எலி பிடித்துச் சுட்டுத் தின்கிற காட்சி அது. பசியைப் பற்றி ஒரு வசனமும் இல்லாமல் அதைக் காட்டியிருப்பார் டைரக்டர். நான் விளக்க வாயெடுத்தேன். “நீ கம்முனு இரு, படத்தப் பாக்க வுடு” என்று பதில் வந்தது. படம் பிடிக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்!

மண்டிக்காரர் மட்டும் முதலிலிருந்தே பேசவில்லை. சோபாவை விட்டு இறங்கிக் கீழே உட்கார்ந்துகொண்டார். அப்பன் முன்னால் போக, பையன் பின்னால் வருகிற காட்சி ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று சொன்னார்:

“பத்தடி. கரெக்டா பத்தடி தள்ளி வர்றான் பாரு.”

“எதுக்கு?”

“கிட்ட போனா அடி வுழும். ரொம்ப தள்ளிப் போனா, ‘எங்கடா ஓடறே’ன்னு அதுக்கும் அடி வுழும். பத்தடிதான் சரி. நானும் அப்டித்தான் நடப்பேன்.”

அப்புறம் டி.வி. ஓடியது, நாங்கள் பார்த்தோம் என்று சொல்ல முடியாது. அவர் சொன்னதைத்தான் கேட்டோம். அவருடைய அப்பா கொத்தனார். நல்ல கைவேலைக்காரர், சனிக்கிழமை கூலி. கூலி வாங்கியவர் வீட்டுக்கு வருவதற்குள் நடுவில் பிராந்திக் கடை ஒன்று இருக்கும். அதனால் சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் அம்மா இவரை அனுப்பிவிடுவாராம். வயசு பத்து. வேலை என்னவென்றால், அப்பா உள்ளே போவதற்கு முன்னால் பாதிக் கூலியை வாங்கிவிட வேண்டும். உள்ளே போய்விட்டால் வெளியே வருகிற வரைக்கும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். வந்ததும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பத்தடி பின்னால் நடக்க வேண்டும்.

“அம்மாகிட்ட எவ்ளோ குடுத்தேன்னு ஒரு நோட்ல எழுதி வைப்பேன். தேதி போட்டு எழுதுவேன். கணக்கு எழுதறது அப்பக் கத்துக்கிட்டதுதான்” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து அவரும் நானும் சிநேகிதம். அந்த நோட்டைப் பற்றி அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேள்விப்பட்டேன்.

படத்தில் அந்தப் பையன் அப்பனைப் பழிவாங்குகிற விதம் ஒன்று உண்டு. உடைந்த கண்ணாடித் துண்டு ஒன்று கிடைக்கிறது. அதில் வெயிலைப் பிடித்து அப்பன் முதுகின் மேல் அடித்துக்கொண்டே வருகிறான். முதுகு சுடுகிறது, அவன் திரும்புகிறான், பையன் மறைக்கிறான். குழந்தை விளையாட்டுதான். ஆனால் அதற்குள் ஒரு கோபம் இருக்கிறது பாருங்கள், அது சின்னப் பையன் கோபம் இல்லை. பணத்தைக் கிழித்தானே, அந்தக் கையும் அப்பன் கைதான். இவனும் நாளைக்கு இப்படித்தான் ஆவானோ என்று நமக்குப் பகீர் என்கிறது. உடனே ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிக்கொள்கிறான். அதை அணைத்துப் பிடிக்கிற விதத்தில் அந்தப் பயம் கொஞ்சம் இறங்குகிறது. எங்கள் வீட்டில் இதற்கு ஒரு பட்டிமன்றமே நடந்தது. “அப்பன் மாதிரிதான் ஆவான், எழுதி வச்சிக்கோ” என்றது இன்ஷூரன்ஸ் (அவருக்கு எதையும் எழுதி வாங்கித்தான் பழக்கம்). “ஆவ மாட்டான்” என்றார் மண்டிக்காரர். மேலே ஒன்றும் சொல்லவில்லை. அவர் பீர் வாசனை அடித்தாலே இடத்தைக் காலி செய்கிறவர் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். கல்யாண பார்ட்டிகளில் அதற்காக நாங்கள் அவரைக் கலாய்த்ததும் உண்டு.

தாகத்துக்குப் பையன் ஒரு கூழாங்கல்லை வாயில் போட்டு ஒதுக்கிக்கொள்கிறான். எச்சில் ஊறும், நா வறளாது. வீட்டுக்கு வந்து அந்தக் கல்லை எடுத்து வைக்கிற இடத்தில் ஏற்கெனவே ஒரு குவியலே கிடக்கிறது. அந்த ஒரே ஷாட்டில், இந்த நடை முதல் நடை இல்லை என்று நமக்குப் புரிகிறது. இதையே நம்ம வழக்கமான படத்தில் சொல்ல வேண்டுமானால் ஒரு பாட்டி, ஒரு ஃபிளாஷ்பேக், நாலு பக்க வசனம் வேண்டும்.

வினோத்ராஜ் இந்தக் கதையை எங்கேயிருந்து எடுத்தார் தெரியுமா? அவருடைய அக்கா வீட்டுக்காரரால் துரத்தப்பட்டுக் கைக்குழந்தையோடு 13 கிலோமீட்டர் நடந்தே பொறந்த வீட்டுக்கு வந்திருக்கிறார். தம்பி அதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டார். துரத்தினவன் நடக்கட்டுமே! நிஜத்தில் கொடுக்க முடியாத தண்டனையைப் படத்தில் கொடுத்துவிட்டார். சின்ன வயசில் திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர், பிறகு சென்னையில் டி.வி.டி. கடையில் இருந்தவர். நாமெல்லாம் பிலிம் இன்ஸ்டிட்யூட் என்றால் கேட், வாட்ச்மேன், அட்மிஷன் ஃபாரம் என்று நினைக்கிறோம். கடை ஷெல்ஃபே இன்ஸ்டிட்யூட் ஆகிவிட்டது அவருக்கு.

அப்பனும் பிள்ளையும் நடக்கிற படம் என்றால் உலகத்துக்கே தாத்தா ஒன்று உண்டு. இத்தாலிக்காரர் டி சிகாவின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’, 1948. திருடுபோன சைக்கிளைத் தேடி ரோம் நகரத் தெருக்களில் ஓர் அப்பாவும் பையனும் அலைவார்கள். நடுவில் ஒரு அறை விழும். அறைந்த அப்பனுக்கே தாங்காமல் பையனை ஓட்டலுக்குக் கூட்டிப் போய்ச் சாப்பாடு வாங்கிக் கொடுப்பான். பத்து வருஷம் கழித்து பிரெஞ்சுக்காரர் த்ரூஃபோ ‘தி 400 ப்ளோஸ்’ எடுத்தார். வீட்டில் பாசம் கிடைக்காத பையன் ஓடுகிறான், ஓடிக்கொண்டே இருக்கிறான், கடல் வந்துவிடுகிறது. 1959-ல் கான் விழாவில் சிறந்த டைரக்டர் பரிசு. (பிரெஞ்சுக்காரர்களுக்கும் எங்களுக்கும் பழைய பழக்கம் உண்டு. 1750-லிருந்து 1761 வரை செஞ்சிக் கோட்டை அவர்கள் கையில்தான் இருந்தது.)

அவ்வளவு தூரம் போவானேன், எங்கள் ஊர் ஹீரோவையே எடுத்துக்கொள்ளுங்கள். ராஜா தேசிங்கு. 1960-ல் எம்.ஜி.ஆர். குதிரையில் வந்ததைப் பார்த்து நம்ம தாத்தாக்கள் கைதட்டினார்கள். குதிரையையும் கத்தியையும் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டுக் கணக்கைப் பாருங்கள். அப்பா ஸ்வரூப் சிங் கோட்டைக்கு அதிகாரி. கட்ட வேண்டிய பணத்தைக் கட்டாமலே 1714-ல் இறந்துபோனார். பிள்ளை வந்து உட்கார்ந்ததும் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் பழைய பாக்கியை நீட்டினார். 70 லட்சம் ரூபாய் என்கின்றன சரித்திர நூல்கள். அந்தக் காலத்து 70 லட்சம்! பிள்ளை கட்ட மாட்டேன் என்றான், சண்டை வந்தது, அதே வருஷம் அக்டோபரில் போர்க்களத்தில் செத்தான். வயசு 22. நம்ம ஆபீஸ்களில் 22 வயசுப் பையன் இன்னும் புரொபேஷனில்தான் இருப்பான்.

அப்பன் வைத்துவிட்டுப் போன பாக்கி பிள்ளை தலையில் விழுவது செஞ்சிக்குப் புதுசு இல்லை என்று சொல்ல வந்தேன். ராஜா வீட்டில் அது நாடோடிப் பாட்டாகிவிடுகிறது. கொத்தனார் வீட்டில் ஒரு பழைய நோட்டில் தேதி போட்டுக் கிடக்கிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. 2023-24 நிதியாண்டில் டாஸ்மாக் மூலம் தமிழக அரசுக்கு வந்த வருமானம் 45,000 கோடிக்கு மேல். இது சர்க்காரே சட்டசபையில் வைத்த கணக்கு. வரவுப் பக்கம் இவ்வளவு பளிச்சென்று இருக்கிறது. செலவுப் பக்கத்தில் பத்தடி தள்ளி நடந்து வருகிற பிள்ளைகளை எந்தத் தலைப்பில் எழுதுவது? அக்கவுண்டன்சியில் அதற்கு ஹெட் கிடையாது. 2023 மே மாதம் எங்கள் மாவட்டத்து மரக்காணம் பக்கம் கள்ளச்சாராயச் சாவு. 2024 ஜூனில் பக்கத்துக் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் போனார்கள். அப்பா, அம்மா இரண்டு பேரையும் இழந்த பிள்ளைகளுக்குத் தலா 5 லட்சம் வைப்பு நிதி என்று அரசு அறிவித்தது. எங்கள் பாங்க் கிளார்க் அன்றைக்குச் சொன்னார்: “மைனர் பேர்ல டெபாசிட் போட வந்தா ஃபாரத்துல ‘கார்டியன்’னு ஒரு காலம் இருக்கும்பா. அதுல பாட்டி கைநாட்டு வைக்கும்போது நிமிந்து பாக்க முடியாது.”

இத்தனை விஷயம் உள்ள படம் செஞ்சியில் ஓடியிருந்தால் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள் என்று யோசித்தேன். ஓடவே இல்லையே! 2021-ல் உலகமெல்லாம் சுற்றிய படம் 2023 அக்டோபர் 27-ம் தேதி நேராக சோனி லிவ்வில்தான் வந்தது. தியேட்டர்காரரையும் குற்றம் சொல்ல முடியாது. ஒன்றேகால் மணி நேரப் படத்துக்கு இடைவேளை எங்கே விடுவது? இடைவேளை இல்லையென்றால் பாப்கார்ன், முறுக்கு, கோன் ஐஸ் யாவும் போச்சு. கரெண்ட் பில் கட்டுவதே அதில்தான். ஆனால் இதில் ஒரு வேடிக்கை. ராட்டர்டாமில் இருக்கிற வெள்ளைக்காரருக்கு முதலில் தெரிந்த மேலூர் வெயில், மேலூரில் இருக்கிறவருக்கு இரண்டரை வருஷம் கழித்து, அதுவும் சந்தா கட்டினால்தான் தெரியும். வேலு மாதிரி ஒரு பையன் அந்தப் படத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அவன் வீட்டில் என்னவெல்லாம் இருக்க வேண்டும், எண்ணிப் பாருங்கள்.

வினோத்ராஜின் இரண்டாவது படம் ‘கொட்டுக்காளி’யாவது 2024 ஆகஸ்டில் தியேட்டருக்கு வந்தது. சூரி, அன்னா பென் நடித்தது, சிவகார்த்திகேயன் தயாரித்தது. அதிலும் ஒரு குடும்பம், ஒரு பயணம். இதில் ஆட்டோ உண்டு, நடை கொஞ்சம் மிச்சம்.

அன்றைக்குப் படம் முடிகிற இடத்தில் ஊர்ப் பெண்கள் ஒரு பள்ளத்தைச் சுற்றி உட்கார்ந்து ஊறுகிற தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கேமரா நகராமல் அப்படியே இருந்தது. “முடிஞ்சிடுச்சா?” என்று கேட்டார் ஜூனியர் அசிஸ்டென்ட், போனிலிருந்து தலையை எடுத்து. இன்ஷூரன்ஸ்காரர் தலையில் ஒரு குட்டு வைத்தார். 20-வது நிமிஷம் வீட்டுக்குப் போகத் துடித்தவர் அவர்!

மண்டிக்காரர் செருப்பைப் போட்டுக்கொண்டே, “இன்னொரு படம் சொன்னியே, அது எதுல வருது?” என்று கேட்டார். சொன்னேன். “அடுத்த ஞாயித்துக்கெழம எங்க வூட்டுக்கு வந்துடுங்க. எங்க அப்பாவும் இருப்பாரு. இப்பல்லாம் அவரு குடிக்கறதில்ல, டாக்டர் நிறுத்திட்டாரு. நாள் பூரா டி.வி.தான்” என்றார்.

நாலு பேரும் போகிறோம். ஜூனியர் அசிஸ்டென்ட்டிடம் மட்டும் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவது என்று தீர்மானம் நிறைவேறியிருக்கிறது.